மணிக்காக வெட்டுற வழி

ராத்திரி ஸ்னோ விழுந்திருக்கா இல்லையான்னு தெரிஞ்சுக்க நான் ஜன்னல் பக்கம் போகணும்னே இல்ல, படுத்தபடியே சொல்லிடுவேன், ஏன்னா ஊர் சத்தம் மொத்தமா அடங்கிக் கிடக்கும். புதுசா விழுந்த பனிக்குள்ள காத்து நிறைய அடைஞ்சிருக்கும், அது பஞ்சு மாதிரி சத்தத்தை உறிஞ்சிக்கும், எப்பவும் கேக்குற ஹைவே இரைச்சல் கூட காதுக்கு வராது. கொஞ்ச நேரத்துல கீழ கராஜ் கதவு திறக்குற சத்தம், அப்புறம் புறவாசல் பக்கம் ஷவல் சரக் சரக்குனு இழுபடுற சத்தம். எங்க வீட்டுக்காரர் எந்திரிச்சு வேலையை ஆரம்பிச்சுட்டாரு.

இங்க கனடாவுல, ஒட்டாவால பனி விழுந்த காலைல எல்லாரும் முதல்ல முன்பக்கம்தான் வெட்டுவாங்க, காரை எடுக்கணும், ஆபீஸ் போகணும், ராத்திரி முனிசிபாலிட்டி வண்டி ரோட்டுப் பனியைத் தள்ளிட்டுப் போறப்ப டிரைவ்வே வாசல்ல ஒரு மேடு கட்டி விட்டுட்டுப் போயிருக்கும், அது பஞ்சுப் பனி இல்ல, கல்லு மாதிரி இறுகிப்போனது, அதை உடைச்சாத்தான் வண்டி வெளிய வரும். எங்க வீட்டுல அதெல்லாம் ரெண்டாவது. முதல்ல புறவாசல்ல மணிக்கு வழி வெட்டணும்.

மணி எங்க நாய். பீகிள் கலப்பு, காது தொங்கும், முதுகு என் முழங்கால் உயரம் கூட வராது. இப்ப 12 வயசு. ராத்திரி 20 சென்டிமீட்டர் பனி விழுந்துச்சுன்னா அவனுக்கு அது வயித்தைத் தொடும், ஏற்கனவே கிடக்குற பனி மேல இதுவும் சேர்ந்தா அவனுக்கு முன்னாடி ஒரு சுவர் நிக்கிற மாதிரி. கதவைத் திறந்து விட்டா வாசப்படில நின்னு அந்தச் சுவரைப் பாப்பான், அப்புறம் திரும்பி என் முகத்தைப் பாப்பான். டெக் மேலேயே இருந்துக்கோடான்னா இருக்க மாட்டான், அவனுக்குப் புல்லு வேணும், மரம் வேணும், அவன் மோந்து பாத்து முடிவு பண்ணின இடம் வேணும். முந்தின வருஷம் ஒரு பெரிய பனிக்கு அப்புறம் நாங்க இதைப் புரிஞ்சுக்காம டெக்கை மட்டும் பெருக்கி விட்டோம், அன்னிக்குப் பூரா அடக்கிக்கிட்டே இருந்தான், ராத்திரி படுக்கையில முனகினான். அந்த முனகல் இன்னும் என் காதுல இருக்கு. அதுக்கப்புறம்தான் இந்த வழி.

டெக்லேர்ந்து இறங்குற ராம்ப்ல ஆரம்பிச்சு நேரா செடார் வேலி வரைக்கும் போய், அங்க இடது பக்கம் திரும்பி, மேப்பிள் மரத்தை ஒரு சுத்து சுத்தி, மறுபடி ராம்ப்புக்கே வரும். அகலம் ஒன்றரை ஷவல். ஒரு ஷவல் அகலம் வெட்டினா அவன் உள்ள போவான், ஆனா திரும்ப முடியாது, பின்னங்கால் பலம் இல்லாததுனால ரிவர்ஸ்ல வரவும் வராது. ரெண்டு ஷவல் வெட்டினா நேரம் ஆகும், இவரு முதுகு தாங்காது. ஒன்றரைங்கறது ஒரு சீசன் முழுக்க வெட்டிப் பாத்து கண்டுபிடிச்ச கணக்கு. தரை வரைக்கும் சுரண்ட மாட்டாரு, அடில ரெண்டு விரக்கடை பனியை விட்டு மிதிச்சு இறுக்கி விடுவாரு, அப்பத்தான் காலு வழுக்காது. ராம்ப்பும் அவரே பேஸ்மென்ட்ல வச்சு பண்ணதுதான், ப்ளைவுட்ட அறுத்து மேல பழைய கார்ப்பெட்டை ஆணி அடிச்சு, ஏறுற சரிவு போதுமான்னு மணியை நாலு தடவை ஏத்தி இறக்கிப் பாத்து. மரவேலை அவருக்கு இந்த ஊருக்கு வந்தப்புறம்தான் வந்துச்சு. பேஸ்மென்ட்ல மரத்தூள் வாசனை வந்துட்டா டிசம்பர் வந்துருச்சுன்னு நாங்க சொல்லிக்குவோம்.

நான் அம்பாசமுத்திரத்துக்காரி. எங்க தெருவுல நாய் உண்டு, ஆனா அது தெருவுக்குச் சொந்தம், சோறு வச்சா வரும், வீட்டுக்குள்ள வராது. பனின்னா எங்களுக்கு மார்கழிப் பனிதான், விடியக்காலம் தாமிரபரணிப் பக்கம் புகை மாதிரி நிக்கும், வாசல் தெளிக்க வர்ற அம்மா தலையில துண்டைக் கட்டியிருப்பாங்க, எட்டு மணிக்கு வெயில் வந்ததும் கலைஞ்சுபோகும். அந்தப் பனியை மனசுல வச்சுக்கிட்டு இங்க வந்து, முதல் ரெண்டு விண்டரும் நான் திரைச்சீலையையே திறக்கல. நவம்பர்ல கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னாடி தள்ளுறாங்களா, டிசம்பர் வந்தா சாயங்காலம் 4:20க்கெல்லாம் சூரியன் இறங்கிடும், ஸ்கூல் விட்டு பொண்ணு வீட்டுக்கு வர்றப்பவே அந்தி. வெளிய என்ன இருக்குன்னு பாக்கவே பிடிக்காது. நாய் வேணும்னு கேட்டது பொண்ணு, சரின்னு சொன்னது அவங்க அப்பா, வேண்டாம்னு சொன்னது நான். மணி வந்தப்ப அவனுக்கு 6 வயசு, ஷெல்டர்ல யாரும் எடுக்காம நாலு மாசம் இருந்தவன். நாய் இருக்குற வீட்டுல திரைச்சீலையை மூடி வைக்க முடியாது, அவனுக்கு வெளிய பாக்கணும், மூக்காலேயே ஒதுக்கி ஒதுக்கிப் பாப்பான், கடைசில நானே அதைக் கழட்டி மடிச்சு பீரோல வச்சேன்.

எங்க ஆச்சி சொல்லும், தைப்பனி தரையைத் துளைக்கும், மாசிப்பனி மச்சைத் துளைக்கும்னு. சின்ன வயசுல இதை ஒரு எதுகைக்காகச் சொல்றாங்கன்னு நெனச்சேன், எங்க ஊர்ல எந்தப் பனியும் தரையைத் துளைச்சு நான் பாத்ததில்ல. இங்க அது அப்படியே நடக்குது. தை மாசத்துல மண்ணு ஒரு மீட்டருக்கும் கீழ வரைக்கும் உறைஞ்சுடும், வீட்டு அஸ்திவாரமும் தண்ணிக் குழாயும் அந்த உறைநிலைக்குக் கீழதான் போடுவாங்க, இல்லேன்னா மண்ணு உப்பி அஸ்திவாரத்தையே தூக்கிடும். மாசில மச்சு. கூரை மேல பனி குவிஞ்சு கிடக்கும், வீட்டுக்குள்ள இருந்து ஏறுற சூட்டுல அடிப்பனி உருகி ஓரத்துக்கு ஓடும், ஓரத்துல சூடு இல்ல, அங்க மறுபடி உறைஞ்சு அணை மாதிரி கட்டிக்கும், பின்னாடி வர்ற தண்ணி போக இடமில்லாம ஓட்டுக்கு அடியில புகுந்து உள்ள சொட்டும். எங்க மாடி ரூம் சீலிங்ல ஒரு பழுப்புக் கறை இருக்கு, அது ரெண்டு வருஷத்துக்கு முந்தின மாசிப் பனி. ஆச்சிக்கு ஒட்டாவா தெரியாது, ஆனா அந்த வார்த்தை இந்த ஊருக்குத்தான் அளவெடுத்த மாதிரி பொருந்துது.

மணியை வெளிய கூட்டிட்டுப் போறதுக்கு ஒரு முறை இருக்கு. மைனஸ் 10 வரைக்கும் ஒரு ஸ்வெட்டர் போதும். அதுக்குக் கீழ போனா கோட்டு, காலுக்கு பலூன் மாதிரி மெல்லிசா இருக்குற ரப்பர் பூட்ஸ். விண்ட்சில், அதாவது காத்தையும் சேர்த்து உடம்புக்குப் படுற குளிர், மைனஸ் 28க்குக் கீழ போச்சுன்னா மூடாத தோல் 10லேர்ந்து 30 நிமிஷத்துல உறைஞ்சு போகலாம்னு எச்சரிக்கை வரும், அன்னிக்கு வாக்கிங் கிடையாது, புறவாசல் சுத்து மட்டும்தான், அதுவும் அஞ்சு நிமிஷம். பூட்ஸ் போட்ட முதல் நாள் அவன் ஒவ்வொரு காலா தூக்கித் தூக்கி, தரையே தெரியாதவன் மாதிரி நின்னான். இப்பப் பழகிருச்சு, பூட்ஸ் டப்பா சத்தம் கேட்டாலே வந்து காலை நீட்டுவான்.

பூட்ஸ் குளிருக்கு மட்டும் இல்ல, உப்புக்காகவும். ரோட்டுலயும் நடைபாதையிலயும் ஐஸ் உருக உப்பு கொட்டுவாங்க. அது பாதத்துல வெடிப்புக்குள்ள போய் எரியும், அவன் அதை நக்குவான், வயித்துக்கு ஆகாது. ரொம்பக் குளிர்ல சாதா உப்பு அவ்வளவா வேலையும் செய்யாது, அதனால எங்க படில நாங்க மணல்தான் தூவுறோம். வெளிய போயிட்டு வந்ததும் கதவுக்குப் பக்கத்துல ஒரு பேசின்ல வெதுவெதுன்னு தண்ணி, நாலு காலையும் முக்கி எடுத்து, விரலுக்கு நடுவுல உருண்டை உருண்டையா ஒட்டியிருக்குற ஐஸை விரலால கரைச்சு, துண்டால துடைச்சு உள்ள விடணும். எங்க வீட்டுல சின்ன வயசுல யாரு வெளிய போயிட்டு வந்தாலும் முத்தத்துல வாளித் தண்ணி இருக்கும், காலைக் கழுவிட்டு வான்னு அடுப்படிலேர்ந்தே குரல் வரும். இங்க நாங்க யாரும் காலைக் கழுவுறதில்ல, மூணு சோடி சாக்ஸ் போட்ட காலு. மணி ஒருத்தன்தான் அந்த வழக்கத்தைக் காப்பாத்துறான்.

அம்மா சாயங்காலம் கூப்பிடுவாங்க, அதாவது அவங்களுக்கு சாயங்காலம், எங்களுக்கு காலைல ஏழு மணி, பத்தரை மணி நேர வித்தியாசம். முன்னாடியெல்லாம் சாப்பிட்டியா, பிள்ளை ஸ்கூலுக்குப் போச்சான்னு கேப்பாங்க. இப்ப முதல் கேள்வியே வேற. "ஏட்டி, அவனுக்குக் காலு எப்படி இருக்கு?"

"நேத்தைக்கு இன்னிக்குப் பரவால்லம்மா. மாத்திரை கொடுக்கோம்."

"நல்லெண்ணெயைச் சூடு பண்ணி லேசா தேய்ச்சு விடு. உங்க ஆச்சிக்கு அப்படித்தான் பண்ணுவேன்."

டாக்டர்கிட்ட கேட்டேன். எண்ணெயை நக்கினா வயித்துக்குக் கஷ்டம், அதுக்குப் பதிலா வெதுவெதுப்பான துணி ஒத்தடம் கொடுங்கன்னு சொன்னாங்க. அம்மாகிட்ட அப்படியே சொன்னேன். ஒத்தடமும் நான் சொன்னதுதானேன்னாங்க, அப்படித்தான்மான்னேன். தினமும் ராத்திரி பத்து நிமிஷம் அவன் இடுப்புல துணி வச்சுக்கிட்டு உக்காந்திருப்பேன். மூச்சு மெதுவா ஆகும், கண்ணு பாதி மூடும். அந்தப் பத்து நிமிஷம் நான் போன் பாக்குறதில்ல.

கோலத்தைப் பத்தி எழுதணும், அதுக்குத்தான் இந்தக் கட்டுரையையே ஆரம்பிச்சேன், நாய் முந்திக்கிச்சு.

மார்கழி இங்க டிசம்பர் நடுவுல ஆரம்பிச்சு ஜனவரி நடு வரைக்கும், வருஷத்துலயே இருட்டு அதிகமான நாளெல்லாம் அதுக்குள்ளதான் வரும். எனக்குக் கோலம் போடாத மார்கழி மனசுக்கு ஒப்பல. ஆனா பச்சரிசி மாவை எடுத்துட்டுப் போய் பனி மேல போட்டா வெள்ளை மேல வெள்ளை, போட்ட எனக்கே தெரியல. காவி கரைச்சு ஊத்திப் பாத்தேன், அது பனிக்குள்ள இறங்கிப் பரவிடுச்சு, கோடு நிக்கல. மஞ்சள் தண்ணியை பாட்டில்ல ஊத்திப் பீச்சினா அக்கம்பக்கத்துல நாய் இருக்குற தெருவுல அது வேற மாதிரி தெரியும், பொண்ணு வேண்டவே வேண்டாம்னுட்டா. அப்புறம் ஒரு நாள் பறவைத் தீவனம் வாங்கின பையை உத்துப் பாத்தப்பத்தான், அதுல சூரியகாந்தி விதையோட கலந்திருக்குற வெள்ளைச் சிறுதானியம் நம்ம பனிவரகுன்னு தெரிஞ்சுது. பனி ஈரத்துலயே விளைஞ்சுடும், அதான் பனிவரகுன்னு ஊர்ல சொல்லுவாங்க. அதைத் தனியா ஒரு மூட்டை வாங்கினேன். இளமஞ்சளா இருக்கும், பனி மேல நல்லா எடுப்பாத் தெரியும், விரலிடுக்குல மாவு மாதிரியே வழிஞ்சு விழும்.

டெக்குக்குக் கீழ, மணி வழிக்குப் பக்கத்துல, காலால மிதிச்சு ஒரு சதுரம் சமப்படுத்திக்குவேன். கையில உள்ளுறை மட்டும்தான், தடி கிளவுஸ் போட்டா தானியம் பிடிபடாது, அதனால புள்ளி வச்சு முடிக்கிறதுக்குள்ள விரல் மரத்துப் போகும், உள்ள போய் சூடு ஏத்திக்கிட்டு வந்து இழையைப் போடுவேன். ஏழு புள்ளி நெளிக்கோலம்தான் பெரும்பாலும். வேகமாப் போட முடிஞ்சது அது. போட்டு முடிச்சு கதவைச் சாத்தி காப்பியை எடுத்துட்டு ஜன்னல்கிட்ட வந்தா, செடார்லேர்ந்து முதல் ஜங்கோ இறங்கியிருக்கும். ஸ்லேட் பலகை கலர்ல முதுகு, வெள்ளை வயிறு, தரையில பொறுக்கித் தின்னும். ஒண்ணு, மூணு, எட்டு. அதுங்க கோலத்தோட வளைவுலயே போகும், ஏன்னா தானியம் அந்த இழையிலதான் கிடக்கு, ஒரு குருவி இழையைப் பிடிச்சு வளைஞ்சு வளைஞ்சு போறதைப் பாத்தா அதுவும் கோலம் போடுற மாதிரி இருக்கும். புறாக்கள் வந்தா ஒழுங்கெல்லாம் கிடையாது, நடுவுல உக்காந்துடும். பதினோரு மணிக்குள்ள கோலம் இருந்த இடத்துல குருவிக் கால்தடம் மட்டும்தான் இருக்கும். எறும்புக்கும் குருவிக்கும் பசியாறட்டும்னுதான் அரிசி மாவுல கோலம் போடுறோம்னு அம்மா சொல்லுவாங்க. எங்க ஊர் வாசல்ல எறும்பு சாப்பிட்டு நான் பாத்திருக்கேன். குருவிங்க கோலத்தையே மொத்தமா சாப்பிட்டு முடிச்சதை இங்கதான் பாத்தேன்.

இதுலேர்ந்துதான் எண்ணுற பழக்கம் வந்துச்சு. ஃபீடர்வாட்ச்னு ஒண்ணு இருக்கு, 1976ல இதே ஒன்டாரியோல லாங் பாயின்ட் பறவை ஆய்வகத்துல ஆரம்பிச்சது, 1987லேர்ந்து கார்னெல் பல்கலைக்கழகத்தோட பறவை ஆய்வகமும் சேர்ந்து வட அமெரிக்கா முழுக்க நடத்துறாங்க. நவம்பர்லேர்ந்து ஏப்ரல் வரைக்கும், அடுத்தடுத்த ரெண்டு நாளைத் தேர்ந்தெடுத்து, வீட்டுல தீவனத்துக்கு வர்ற பறவையை எண்ணி எழுதி அனுப்பணும். எண்ணுறதுக்கு ஒரு விதி இருக்கு, அது எனக்கு ரொம்பப் பிடிச்சுது. வந்த பறவையையெல்லாம் கூட்டக் கூடாது. ஒரே நேரத்துல கண்ணுக்குத் தெரிஞ்சதுல எது அதிகமோ அதை மட்டும்தான் எழுதணும். காலைல மூணு ஜங்கோ, மத்தியானம் ஒன்பது, சாயங்காலம் நாலுன்னா கணக்கு ஒன்பதுதான், பதினாறு இல்ல, ஏன்னா திரும்ப வந்ததும் அதே குருவியா இருக்கலாம். ஆயிரக்கணக்கான வீட்டு ஜன்னல்லேர்ந்து இப்படி எண்ணினதை வச்சுத்தான் எந்தப் பறவை குறையுது, எது வடக்க நகருதுன்னு கண்டுபிடிக்கிறாங்க. என் சமையலறை ஜன்னலும் அதுல ஒண்ணு.

சிக்கடீதான் எங்க வீட்டுல எல்லாருக்கும் செல்லம். கறுப்புத் தொப்பி, கறுப்புக் கழுத்துப்பட்டி, வெள்ளைக் கன்னம், நம்ம ஊர் பட்டாணிக்குருவியோட குடும்பம்தான். எடை 10லேர்ந்து 14 கிராம், மூணு டீஸ்பூன் சர்க்கரை அளவு. அவ்வளவு சின்ன உடம்பு மைனஸ் 25 ராத்திரியை எப்படித் தாண்டுதுன்னு தேடித் தேடிப் படிச்சேன். ராத்திரில தன் உடம்புச் சூட்டைத் தானே பத்து டிகிரி போல குறைச்சுக்குமாம், அடுப்பைத் தணிச்சு வைக்கிற மாதிரி, அப்பத்தான் பகல்ல சேர்த்த கொழுப்பு விடியிற வரைக்கும் வரும். இலையுதிர் காலத்துலயே ஒவ்வொரு விதையா மரப்பட்டை இடுக்குல தனித்தனியா ஒளிச்சு வச்சு, எங்க வச்சோம்னு ஞாபகம் வச்சுக்கும். அதோட குரல்லயே 'சிக்-அ-டீ-டீ'ன்னு பேரு இருக்கு, ஆபத்து பெருசா இருந்தா கடைசில வர்ற 'டீ' கூடும். எங்க பூனை ஜன்னல்ல வந்து உக்காந்தா நான் 'டீ'யை எண்ணுவேன், பொண்ணு எழுதுவா.

ட்ரீ ஸ்பாரோன்னு ஒண்ணு வரும், செம்பட்டைத் தலை, நெஞ்சுல ஒரு கறுப்புப் பொட்டு. அது கோடைல ஆர்க்டிக் ஓரத்துல குஞ்சு பொரிச்சுட்டு குளிருக்குத் தப்பிச்சு இங்க வருது. இங்க! நான் திரைச்சீலையை மூடிக்கிட்டு உக்காந்திருந்த இந்த ஊருக்கு, வெதுவெதுப்பு தேடி. எங்க ஊர்ப் பக்கம் கூந்தன்குளம் பறவைகள் சரணாலயத்துக்கு வரித்தலை வாத்து வர்ற மாதிரி அதுக்கு ஒட்டாவாதான் தெக்கு. இதைத் தெரிஞ்சுக்கிட்ட அன்னிக்கு ரொம்ப நேரம் ஜன்னல்லேயே நின்னேன். வீட்டுச் சிட்டுக்குருவியும் வரும், நம்ம தெருவுல இருந்த அதே சிட்டுக்குருவிதான், 1850கள்ல ஐரோப்பாவுலேர்ந்து நியூயார்க் பக்கம் கொண்டுவந்து விட்டது இங்க வரைக்கும் பரவிடுச்சு. எங்க அம்பாசமுத்திரத்து வீட்டு போட்டோ சட்டத்துக்குப் பின்னாடி கூடு கட்டினது எப்படிக் கத்துமோ அப்படியேதான் இங்கயும் கத்துது.

பூனை பேரு மிளகு. நாள் பூரா உள்ளதான். அவளோட விண்டர் வீட்டைச் சூடாக்குற ஃபர்னஸ் காத்து வர்ற வென்ட் மேலயே கழியும், மத்தியானம் ஒரு மணி நேரம் மட்டும் தெக்குப் பக்க ஜன்னல்ல வெயில் விழுற கட்டம் நகர நகர அவளும் கூடவே நகருவா. பறவையைப் பாத்தா தாடையை மட்டும் படபடன்னு ஆட்டி ஒரு சத்தம் போடுவா. இந்த ஊர் குளிர்காத்துல தண்ணியே கிடையாது, அதை உள்ள இழுத்து 21 டிகிரிக்குச் சூடாக்கினா வீடு அப்பளம் மாதிரி காஞ்சுபோகுது, மிளகைத் தடவினா விரல் நுனிக்கும் அவ மூக்குக்கும் நடுவுல பட்டுன்னு பொறி பறக்கும், அவ அடிபட்ட மாதிரி என்னைப் பாப்பா. அதனால தடவுறதுக்கு முன்னாடி குழாயைத் தொட்டுட்டு வருவேன். பொண்ணோட வயலினுக்கும் இதே கஷ்டம், மரம் சுருங்கி முறுக்காணி பிடி விட்டுடும், ராத்திரி சுருதி சேர்த்து வச்சதைக் காலைல பெட்டியைத் திறந்தா நாலு கம்பியும் தொளதொளன்னு கிடக்கும். ஹ்யூமிடிஃபயர் வாங்கி வச்சப்புறம் கொஞ்சம் தேவலை. அவ பைரவி வர்ணம் சாதகம் பண்றப்ப மணி அவ காலடிலதான் படுத்திருப்பான், மேல் ஸ்தாயிக்குப் போனா மட்டும் எந்திரிச்சுப் போயிடுவான்.

மத்தபடி வீட்டுக்குள்ள எல்லா வீட்டுலயும் நடக்குறதுதான். இட்லி மாவு ஓவன்ல லைட்டைப் போட்டு வச்சு ராத்திரி முழுக்கப் பொங்கணும். கறிவேப்பிலைச் செடி இலையெல்லாம் கொட்டிட்டு குச்சியா நிக்கும், செத்துப்போச்சுன்னு பிடுங்கிடாதீங்க, தண்ணியைக் குறைச்சு விட்டா மார்ச்ல துளிர்க்கும். பொங்கலுக்கு வந்தவங்க ஆசையா ஒரு பூங்கொத்து கொண்டுவந்தாங்க, அதுல லில்லி இருந்துச்சு, பூனை வளர்க்குறவங்க இதை மட்டும் மறக்கக் கூடாது, லில்லியோட இலை, பூ, மகரந்தம் எல்லாமே பூனை சிறுநீரகத்துக்கு விஷம், மேல ஒட்டின பொடியை நக்கினாக் கூட ஆபத்து. வந்தவங்ககிட்ட காரணத்தைச் சொல்லி அப்படியே கராஜ்ல வச்சுட்டேன், அவங்களும் புரிஞ்சுக்கிட்டாங்க.

ரிடோ கால்வாய் உறைஞ்சா ஒரு ஞாயித்துக்கிழமை கண்டிப்பா போவோம். 7.8 கிலோமீட்டர் நீளத்துக்கு ஊர் நடுவுல ஓடுற ஐஸ், பொண்ணு ஸ்கேட் பண்ணுவா, நானும் மணியும் கரையோரமா நடப்போம். 2022-23 விண்டர்ல அது ஒரு நாள் கூடத் திறக்கல, ஐஸ் போதுமான கனம் பிடிக்கவே இல்ல. ஆரம்பிச்ச நாள்லேர்ந்து அப்படி ஆனது அதுதான் முதல் தடவை. அந்த வருஷம் ஊர்ல எல்லாரும் ஏதோ வீட்டுல விசேஷம் நின்னுபோன மாதிரிப் பேசினாங்க. குளிரைக் கண்டு பயந்து வந்த நானும் அன்னிக்கு குளிர் இல்லையேன்னு வருத்தப்பட்டேன்.

2025 பிப்ரவரி நடுவுல ரெண்டு புயல் சில நாள் இடைவெளில அடுத்தடுத்து வந்துச்சு. முதல் புயல்ல வழி வெட்டி முடிச்சதும் இவருக்கு முதுகு பிடிச்சுக்கிச்சு. ரெண்டாவது புயல் விடிஞ்ச அன்னிக்கு, கரையில குவிச்ச பனி என் இடுப்புக்கு மேல நின்னுச்சு, அள்ளினதைத் தூக்கி எறிய இடமே இல்ல. நானும் பொண்ணும் இறங்கினோம். அவ வெட்டுவா, நான் பொண்ணு வெட்டினதை ஒரு பழைய பிளாஸ்டிக் தொட்டில போட்டு வேலி வரைக்கும் இழுத்துட்டுப் போய்க் கொட்டுவேன். அரை மணி நேரத்துல செடார் வரைக்கும்தான் வந்திருந்தோம். பக்கத்து வீட்டுப் பாட்டி பிரெஞ்சுக்காரங்க, 70 வயசுக்கு மேல, வேலிக்கு அந்தப் பக்கத்துலேர்ந்து பாத்துட்டு உள்ள போனாங்க. கொஞ்ச நேரத்துல தன்னோட ஷவலை எடுத்துக்கிட்டு எங்க சைடு கேட் வழியா வந்துட்டாங்க. வேண்டாம்னு எவ்வளவோ சொன்னேன், இந்த வேலை நெஞ்சுக்கு ஆகாதுன்னு கூடச் சொன்னேன். அவங்க கேக்கல, ஆனா மெதுவாத்தான் செஞ்சாங்க, சின்னச் சின்னதா அள்ளி ஓரமாத் தள்ளினாங்க. 1998 ஜனவரியில உறைமழை பெஞ்சு மின்கம்பமெல்லாம் சாய்ஞ்சு லட்சக்கணக்கான வீடு இருட்டுல கிடந்தப்ப, பூனையைக் கோட்டுக்குள்ள வச்சுக்கிட்டே பத்து நாள் விறகடுப்புப் பக்கத்துல உக்காந்திருந்தாங்களாம். அதைச் சொல்லிட்டு மேப்பிள் மரத்தடியைச் சுத்தமா அவங்களேதான் வெட்டி முடிச்சாங்க.

கதவைத் திறந்தோம். மணி வாசப்படில நின்னான். ராம்ப்ல கால் வைக்கல. பின்னங்கால் நடுங்குச்சு. ரெண்டு நாள் முன்னாடி ஐஸ்ல ஒரு தடவை சறுக்கியிருந்தான், அந்த பயம் இருந்திருக்கும், வலியும் இருந்திருக்கும். நான் அவன் இடுப்புக்கு அடியில ஒரு துண்டைக் கொடுத்து ரெண்டு முனையையும் சேர்த்துத் தூக்கிப் பிடிச்சேன், முன்னங்காலை அவன் போட, பின்பக்கத்தை நான் தாங்கிக்கிட்டே நடந்தேன். ரெண்டு பக்கமும் அவன் தலைக்கு மேல பனிச்சுவர். செடார் பக்கம் திரும்பினதும் நின்னு மோந்து பாத்தான். ரொம்ப நேரம் மோந்தான். அப்புறம் அவன் வேலையை முடிச்சான். இவரு முதுகைப் பிடிச்சுக்கிட்டு ஜன்னல்ல நின்னு எல்லாத்தையும் பாத்துட்டிருந்தாரு, மணி உள்ள வந்ததும் தரையில உக்காந்து அவன் காலை அவருதான் கழுவினாரு.

மார்ச்ல பகல் உருகும், ராத்திரி உறையும். இந்த மாறி மாறி வர்றதுலதான் மேப்பிள் மரத்துல சாறு ஓட ஆரம்பிக்கும், சிரப் காய்ச்சுற சீசன். ஜங்கோ கூட்டம் ஒரு வாரத்துல கிளம்பிடுச்சு, என் நோட்டுல ஒன்பதா இருந்தது ரெண்டாச்சு, அப்புறம் கோடு. ராபின் வந்துருச்சு. கறிவேப்பிலைல கடுகளவு பச்சை.

ஏப்ரல் ரெண்டாவது வாரம் புறவாசல் பூரா புல்லு தெரிஞ்சுது, பழுப்பா, படிஞ்சுபோய். பனி மட்டும் ஒரே ஒரு இடத்துல மிச்சம் இருந்துச்சு. நாலு மாசமா வெட்டி வெட்டி ரெண்டு ஓரத்துலயும் குவிச்சது இறுகிப்போய் சீக்கிரம் உருகல, ராம்ப்லேர்ந்து செடாருக்குப் போய், திரும்பி, மேப்பிளைச் சுத்தி, மறுபடி ராம்ப்புக்கு, ரெண்டு வெள்ளைக் கோடு. மாடி ஜன்னல்லேர்ந்து பாத்தா யாரோ புல்லு மேல ஒரே இழைல கோலம் போட்ட மாதிரி. ஷவலை கராஜ்ல மாட்டிட்டு வரேன்னு இவரு கிளம்பினாரு. மணி ராம்ப்ல மெதுவா இறங்கினான், சுத்தி எங்க வேணும்னாலும் போகலாம், எல்லாப் பக்கமும் திறந்து கிடக்கு, அவன் அந்த ரெண்டு கோட்டுக்கு நடுவுலயே நடந்து, செடார்கிட்ட திரும்பி, மரத்தைச் சுத்திட்டு வந்தான். இவரு ஷவலைக் கையில வச்சுக்கிட்டு அவன் சுத்தி முடிக்கிற வரைக்கும் அங்கேயே நின்னாரு.